ஆலன் பேட்டனின் கதைகளில் விசுவாசம்: எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் வாசிக்கிறோம். இந்த ஊரில் தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள் ஏராளம். உட்கார்ந்து தமிழில் பேசக்கூடியவர்கள் கொஞ்சம்தான். சிறுவயதில் சாயங்காலத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பெரியவர்கள், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள், தமிழ் வேதாகமத்தைக் கைவிடாத இரண்டு மூன்று ஆயாக்கள் என்று கலவையான கூட்டம். புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசிக்கிறோம், பேச்செல்லாம் தமிழில். போன வருஷம் முழுக்க ஆலன் பேட்டனை எடுத்துக்கொண்டோம். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பாளையங்கோட்டையில் பிறந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள், கிறிஸ்தவள். அந்தக் கண்ணோடுதான் இவற்றைச் சொல்கிறேன்.

ஆலன் பேட்டன் யார்?

நம் நேட்டால் மாகாணத்துக்காரர். 1903-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்து, 1988-ல் டர்பனுக்குப் பக்கத்தில் போத்தாஸ் ஹில்லில் இறந்தார். முதலில் பள்ளி ஆசிரியர். இக்ஸோபோ ஊரில் பாடம் நடத்தியிருக்கிறார். 1935 முதல் 1948 வரை ஜோஹானஸ்பர்க்கை ஒட்டிய டீப்க்ளூஃப் சீர்திருத்தப் பள்ளிக்கு முதல்வராக இருந்தார். குற்றம் செய்த கறுப்பினச் சிறுவர்களை அடைத்து வைத்த இடம் அது. அவர் பொறுப்பேற்றபின் பூட்டியிருந்த படுக்கைக் கூடங்கள் திறந்தன, வேலி போனது, நம்பிக்கைக்குரிய பையன்கள் வார இறுதியில் வீட்டுக்குப் போய்வர முடிந்தது. இதைச் செய்தபிறகுதான் அவர் நாவல் எழுதினார் என்பதை நான் எல்லோரிடமும் சொல்வேன். மன்னிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அது நடைமுறையில் என்ன விலை கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1953-ல் லிபரல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். எல்லா இனத்தாரும் ஒரே கட்சியில் இருக்கக்கூடாது என்று 1968-ல் அரசு சட்டம் போட்டபோது, வெள்ளையர் மட்டும் உள்ள கட்சியாகத் தொடர்வதைவிடக் கலைப்பதே மேல் என்று கட்சியைக் கலைத்தார்கள். 1964-ல் ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்கும் மற்றவர்களுக்கும் தண்டனையைக் குறைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவரும் இவர்தான்.

நீங்கள் அடிக்கடி சொல்லும் அந்த நாவலின் கதை என்ன?

நாவலின் பெயர் ‘க்ரை, த பிலவெட் கன்ட்ரி’. அழு, என் அன்பு நாடே என்று சொல்லலாம். 1948 பிப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு மே மாதம் தேசியக் கட்சி தேர்தலில் வென்று, இனவொதுக்கலை நாட்டின் சட்டமாக்கத் தொடங்கியது.

கதை இதுதான். இக்ஸோபோ மலைக்குக் கீழே இண்டோட்ஷேனி என்ற வறண்ட கிராமம். அங்கே ஸ்டீஃபன் குமாலோ என்ற ஜூலு ஆங்கிலிக்கன் போதகர். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் வர, ஜோஹானஸ்பர்க்குக்கு ரயில் ஏறுகிறார். அங்கே தங்கை சாராயம் காய்ச்சி, உடலை விற்று வாழ்கிறாள். வீட்டைவிட்டுப் போன மகன் அப்சலோமைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறார். மகன் கிடைக்கிறான், ஆனால் சிறையில். திருடப் போன வீட்டில் பயத்தில் சுட்டுவிட்டான். செத்தவர் ஆர்தர் ஜார்விஸ், கறுப்பின மக்களின் உரிமைக்காகவே எழுதிக்கொண்டிருந்த வெள்ளை இளைஞர். அவருடைய அப்பா ஜேம்ஸ் ஜார்விஸ், குமாலோவின் கிராமத்துக்கு மேலே மலையில் பண்ணை வைத்திருப்பவர். மகனுக்குத் தூக்குத் தண்டனை. இரண்டு அப்பாக்களும் ஒரே பள்ளத்தாக்குக்குத் திரும்பி வருகிறார்கள். மீதி நாவல் முழுக்க, அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எப்படி வாழப்போகிறார்கள் என்பதுதான்.

கதாநாயகன் போதகர் என்பதால் இது கிறிஸ்தவ நாவலா?

இல்லை. போதகர் வரும் கதைகள் எத்தனையோ உண்டு. அங்கி போட்டுக்கொண்டு நடமாடுவார், ஆபத்துக்கு ஒரு வசனம் சொல்வார், போய்விடுவார்.

இங்கே வேறு மாதிரி. குமாலோ நல்லவர், ஆனால் சுத்தமானவர் அல்ல. ரயிலில் சக பயணிகளிடம், ஜோஹானஸ்பர்க் தனக்குப் பழக்கம் என்பதுபோலப் பொய்யாகப் பெருமை பேசுகிறார். மகனோடு வாழ்ந்த கர்ப்பிணிப் பெண்ணிடம் வேண்டுமென்றே அவளைக் கூச வைக்கும் கேள்வியைக் கேட்டுவிட்டு, பிறகு தானே வெட்கப்படுகிறார். தம்பி ஜானைப் புண்படுத்தவேண்டும் என்றே ஒரு பொய் சொல்கிறார். கடைசியில் மலையேறும்போது இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பாவ அறிக்கை செய்கிறார். போதகரை வெள்ளை வேட்டியாகக் காட்டியிருந்தால் எனக்கு இந்தப் புத்தகம் பாதியில் சலித்திருக்கும்.

எனக்கு இதில் கிறிஸ்தவம் தெரிவது எங்கே என்றால், என்ன செய்வதென்று தெரியாத ஒருவர் அடுத்து என்ன செய்கிறார் என்ற இடத்தில். லித்தெபே என்ற விதவை அம்மா, முன்பின் தெரியாத குமாலோவுக்கு இடம் கொடுக்கிறாள். அவர் நன்றி சொன்னால், இதற்கில்லாமல் வேறெதற்குப் பிறந்தோம் என்ற தோரணையில் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். எம்சிமாங்கு என்ற இளம் போதகர், தன் சேமிப்பு முழுவதையும் குமாலோவிடம் கொடுத்துவிட்டுத் துறவு மடத்துக்குப் போகிறார். தங்கை ஓடிப்போய்விடுகிறாள். அவள் குழந்தையையும், தூக்கு மேடைக்குப் போகும் மகனின் மனைவியையும் கூட்டிக்கொண்டு குமாலோ ஊர் திரும்புகிறார். யாரும் இதற்கு விளக்கம் சொல்வதில்லை.

‘உம்ஃபுண்டிசி’ என்று எல்லோரும் அவரைக் கூப்பிடுகிறார்களே, அதற்குத் தமிழில் என்ன?

போதகர். இதைவிடச் சரியான சொல் கிடைக்காது. ஜூலுவில் ஃபுண்டிசா என்றால் கற்றுக்கொடு. உம்ஃபுண்டிசி என்றால் கற்றுக்கொடுப்பவர். நம் சொல்லும் அதே வேரில்தான் நிற்கிறது, போதிப்பவர் போதகர். ஆங்கிலம் வழியாகப் போனால் இந்த ஒற்றுமை கண்ணில் படாது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ‘ஐயர்’ என்றும் சொல்வார்கள். ஆனால் இங்கே அந்தச் சொல் கோயில் பூசாரியைக் குறிக்கும் என்பதால் நான் தவிர்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விடைபெறும்போது ஜூலுவில் போகிறவரிடம் ‘ஹம்பா காஷ்லே’, இருக்கிறவரிடம் ‘சலா காஷ்லே’ என்பார்கள். நல்லபடியாகப் போங்கள், நல்லபடியாக இருங்கள். டர்பனில் வளர்ந்த எல்லாருக்கும் காதில் விழுந்த சொற்கள். நாவலில் இவை ஆங்கிலமாக வருகின்றன, படிக்கும்போது கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். தமிழில் சொல்லிப் பாருங்கள், விறைப்பு போய்விடும். ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இதன் சூடு உடனே புரியும்.

பெயர்களில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இது கூடுதலாகவே பிடிபடும். ஸ்டீஃபன் என்றால் நம் ஸ்தேவான், கல்லெறிந்து கொன்றவர்களுக்காக ஜெபித்த முதல் இரத்தசாட்சி. மகன் அப்சலோம். தாவீதுக்கு விரோதமாக எழும்பிச் செத்துப்போன மகனின் பெயர். 2 சாமுவேல் 18-ல் தாவீது மேல்வீட்டுக்கு ஏறிப்போய், ‘என் மகனாகிய அப்சலோமே’ என்று திரும்பத் திரும்ப அழுவார். உனக்குப் பதிலாக நான் செத்திருக்கக்கூடாதா என்று கேட்பார். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு அந்தப் பெயரை ஏன் வைத்தான் என்று நாவலில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் பெயரைக் கேட்டதும் எங்கள் குழுவில் ஒரு ஆயா, ‘அப்போ இந்தப் பிள்ளை பிழைக்காது’ என்றார். இருபதாம் பக்கம்கூட அப்போது தாண்டவில்லை.

சிறையில் அப்சலோம் தனக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பேதுரு என்று பெயர் வைக்கச் சொல்கிறான். மூன்றுமுறை மறுதலித்தும் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டவரின் பெயர். பேட்டன் இதை நினைத்துத்தான் வைத்தாரா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

கதைக்குள் பிரசங்கம் அதிகமாக இல்லையா?

சில இடங்களில் உண்டு, மறைக்கவேண்டியதில்லை. ஆர்தர் ஜார்விஸ் எழுதி வைத்த கட்டுரைகள் வரும் பக்கங்களில் கதை நின்றுவிடுகிறது. அவர் சொல்வது சரியான விஷயம். இந்த நாட்டின் நாகரிகம் தன்னைக் கிறிஸ்தவம் என்று சொல்லிக்கொள்கிறது, நடப்போ பயத்தால் ஆனது என்கிறார். ஆனாலும் அங்கே பேட்டன் நம்மிடம் நேராகப் பேசுகிறார், பாத்திரம் பேசவில்லை.

நிஜமான பிரசங்கம் ஒன்று வருகிறது. அதுதான் புத்தகத்தின் மிக நல்ல இடங்களில் ஒன்று. கண் தெரியாதவர்களுக்கான எசென்செலேனி என்ற இல்லத்தில் எம்சிமாங்கு ஏசாயாவிலிருந்து வாசிக்கிறார். குருடரை அவர்கள் அறியாத வழியில் நடத்துவேன் என்ற பகுதி. அதிலிருந்து 40-ம் அதிகாரத்துக்குப் போகிறார், ‘நடந்தாலும் சோர்ந்துபோகார்கள்’ என்று முடியும் இடம். கேட்கிறவர்களுக்குக் கண் இல்லை. கூட்டத்தில் குமாலோ உட்கார்ந்திருக்கிறார், மகன் எங்கே என்று தெரியாமல். அந்த வசனம் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று நமக்குத் தெரிகிறது. பேட்டன் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. பிரசங்கம் கேட்கிறவனின் நிலைமை தெரிந்தால் பிரசங்கமே கதையாகிவிடுகிறது.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னச் சின்ன வாக்கியங்கள், ‘அப்பொழுது’, ‘பின்பு’ என்று ஒன்றோடொன்று கோத்துப் போகும். பழைய ஆங்கில வேதாகமத்தின் தாளமும் ஜூலுப் பேச்சின் மரியாதையும் கலந்த நடை அது. ஆங்கில நாவல் படித்துப் பழகியவர்களுக்கு விநோதமாகத் தெரியலாம். சாமுவேலின் புத்தகத்தைத் தமிழில் சத்தமாக வாசித்து வளர்ந்தவர்களுக்கு அது வீட்டுப் பேச்சு மாதிரி.

இவ்வளவு ஜெபிக்கிறார்களே, கடவுள் ஏன் ஒன்றும் செய்யவில்லை?

இந்தக் கேள்விக்குத்தான் எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் போகும். சரியாகப் பார்த்தால், குமாலோ கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. தங்கை திரும்பவில்லை. மகனுக்குக் கருணை மனு தள்ளுபடியாகிறது. அவனோடு போன மற்ற இரண்டு பேரும் விடுதலையாகிறார்கள், உண்மையை ஒப்புக்கொண்டவன் மட்டும் தூக்கில் தொங்குகிறான். விசுவாசத்துக்கு விளம்பரம் செய்கிற எழுத்தாளர் இப்படி எழுதமாட்டார்.

மகன்தான் கொலைகாரன் என்று தெரிந்தபின் குமாலோ வின்சென்ட் என்ற வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் போகிறார். வின்சென்ட் அவருக்குக் காரணம் சொல்லவில்லை. கடவுளின் வழிகளைப் புரிந்துகொள்ளப் பார்க்காதே, உனக்காகவும் ஜெபிக்காதே என்கிறார். உன் தங்கைக்காக, அந்தப் பெண்ணுக்காக, செத்தவரின் குடும்பத்துக்காக என்று ஒவ்வொருவரின் பெயராகச் சொல்லி ஜெபிக்கச் சொல்கிறார். முதல்முறை படித்தபோது எனக்கு இது கைகழுவுவதுபோல இருந்தது. பிறகு எங்கள் வீட்டிலேயே ஒரு சாவு வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ‘தேவசித்தம்’ என்று விளக்கிவிட்டுப் போனார்கள். ஒரு பாட்டியம்மா மட்டும் எதுவும் சொல்லாமல், அடுப்படியில் நின்று மூன்று நாள் சமைத்தார். வின்சென்ட் என்ன செய்தார் என்று அப்போதுதான் விளங்கியது. துக்கப்படுகிறவனிடம் காரணத்தைக் கொடுத்தால் அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். செய்ய ஒரு வேலை கொடுத்தால் எழுந்திருப்பான்.

இதே கேள்வியோடு இன்னொரு காட்சியையும் பாருங்கள். வேறு யாரையோ விசாரிக்கக் குமாலோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கதவைத் திறப்பவர் ஜார்விஸ். கிழவருக்குக் கைகால் நடுங்குகிறது, கம்பு கீழே விழுகிறது, படியில் உட்கார்ந்துவிடுகிறார். என்ன விஷயம் என்று ஜார்விஸ் கேட்கக் கேட்கச் சொல்ல முடியவில்லை. கடைசியில் சொல்லிவிடுகிறார், உங்கள் மகனைக் கொன்றது என் மகன் என்று. ஜார்விஸ் தோட்டத்துக்குள் நடந்துபோய் நின்று, திரும்பி வந்து, தனக்குக் கோபமில்லை என்கிறார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை, மன்னித்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. நம் சினிமாவாக இருந்தால் இசை கிளம்பியிருக்கும். அந்தத் தோட்டத்து நடையில் ஜார்விஸுக்கு என்ன நடந்தது என்று பேட்டன் எழுதாமல் விட்டாரே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். கடவுள் ஏதாவது செய்தார் என்றால் அங்கேதான் செய்தார் என்று நான் நம்புகிறேன்.

பேட்டனின் சொந்த விசுவாசம் எப்படிப்பட்டது?

அப்பா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், கிறிஸ்டடெல்ஃபியன் என்ற சிறிய சபையைச் சேர்ந்தவர், வீட்டில் பிரம்பெடுத்து அடிப்பவர். பிள்ளைகளை அடிப்பதைப் பேட்டன் கடைசிவரை வெறுத்தார். கல்யாணத்துக்குப்பின் மனைவி டோரியின் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். மதம் கையில் பிரம்போடும் வரும் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்தவர், ஆனாலும் விட்டுப்போகவில்லை.

அவரை உலுக்கிய ஒரு சம்பவத்தை அவரே எழுதியிருக்கிறார். 1944-ல் இன உறவுகளுக்காக உழைத்த ஈடித் ரைனால்ட் ஜோன்ஸ் என்ற அம்மையாரின் அடக்க ஆராதனை. ஜோஹானஸ்பர்க் தேவாலயத்தில் எல்லா இனத்தாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். நாவலில் ஆர்தரின் அடக்கத்தில் ஜார்விஸ் முதன்முறையாகக் கறுப்பின மக்களோடு கைகுலுக்கும் காட்சிக்கு இதுதான் வித்து என்று படுகிறது.

நாவலை எழுதத் தொடங்கியது 1946-ல், நார்வேயின் ட்ரொன்ஹெய்மில். சிறைகளையும் சீர்திருத்தப் பள்ளிகளையும் பார்க்க வெளிநாடு போயிருந்தார். ஒரு சாயங்காலம் அந்த ஊர்ப் பேராலயத்தின் வட்டமான வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு முன் உட்கார்ந்திருந்தார். விடுதிக்குத் திரும்பியதும் இக்ஸோபோவிலிருந்து மலைக்குப் போகும் சாலையைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார். ஊர் நினைப்பு, சரி, அவ்வளவுதான். அதே வருஷம் டிசம்பர் முடிவதற்குள் சான் ஃபிரான்சிஸ்கோவில் எழுதி முடித்தார்.

சபையைப் பற்றிக் குறை சொல்கிறாரா?

சொல்கிறார். அதை யார் வாயில் வைக்கிறார் என்று பாருங்கள். குமாலோவின் தம்பி ஜான் சபையை விட்டுப் போனவன், அரசியல்வாதி, கோழை. பிஷப் சட்டத்தைக் கண்டித்துப் பேசுகிறார், ஆனால் பெரிய வீட்டில் இருக்கிறார், வெள்ளைப் பாதிரியாருக்குக் கறுப்பருடையதைவிடப் பலமடங்கு சம்பளம் என்கிறான். ஆள் நம்பத்தகாதவன், சொன்னது உண்மை. விசுவாசியின் எதிராளிக்கு உண்மையான வாதத்தைக் கொடுக்கத் துணிவு வேண்டும். பல கிறிஸ்தவக் கதைகளில் அவிசுவாசி முட்டாளாக இருப்பான்.

இந்தப் பக்கத்தை வாசித்த அன்று நான் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் நான் சிறுவயதில் போன ஒரு சபையின் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் உண்டு. ஒரே ஞானஸ்நானம், ஒரே அப்பம், மண் மட்டும் வேறு. யாராவது கேட்டால், அது பெரியவர்கள் வைத்த ஏற்பாடு என்று சொல்லி வாயடைப்பார்கள். அதை நான் அப்போது கேட்காமல் விட்டேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

கறுப்பின மக்களைப் பொறுத்துக்கொள் என்று சொல்லும் வெள்ளைக்காரர் கதைதானே இது?

இந்த விமர்சனத்தைக் கறுப்பின எழுத்தாளர்களே வைத்திருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. கிராமத்துக்குப் பாலும் அணைக்கட்டும் புது ஆலயமும் ஜார்விஸின் பணத்தில் வருகின்றன. நிலம் யாருடையது என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. குமாலோ அடங்கிப் போகிறவர். பேட்டனே லெட்சிட்சி என்ற இளம் விவசாய ஆலோசகரைக் கொண்டுவந்து, வெள்ளைக்காரரின் தர்மத்தை நம்பி இருக்கக்கூடாது என்று பேச வைக்கிறார். அதனால் கேள்வி அவருக்குத் தெரியாமல் இல்லை. போதுமான அளவு கேட்டாரா என்றால், என் கணக்கில் இல்லை.

ஆனால் எம்சிமாங்கு சொல்லும் ஒன்று இருக்கிறது. வெள்ளையர்கள் அன்பு காட்டத் திரும்பும் நாளில் நாம் வெறுப்புக்குத் திரும்பியிருப்போமோ என்பதே அவருடைய பயம். டர்பனில் இருந்துகொண்டு இதைத் தூரத்து விஷயமாகப் படிக்க முடியாது. நாவல் வந்து ஒரு வருஷம் ஆவதற்குள், 1949 ஜனவரியில், ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடுவே கலவரம். அரசுக் கணக்குப்படி 142 பேர் செத்தார்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்டது எல்லாருக்கும் தெரியும். அப்போது நம் ஆட்களில் சிலர் கையிலும் துப்பாக்கி இருந்தது. பயந்தவன் சுடுகிறான், அப்சலோம் சுட்டதும் பயத்தில்தான். எங்கள் குழுவில் இதைப் பேசியபோது குரல்கள் உயர்ந்தன, ஒருவர் எழுந்து போய்விட்டார், அடுத்த மாதம் திரும்பி வந்தார். இந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டு இந்த நாவலை வாசிப்பதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

நம்மைப் பற்றி ஏதாவது எழுதினாரா?

எழுதினார். இனவாரியாகக் குடியிருப்பு இடம் ஒதுக்கும் சட்டம் 1950-ல் வந்தது. இந்தியர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடங்களிலிருந்து துரத்தப்பட்டார்கள். 1958-ல் பேட்டன் இந்தச் சட்டத்தைக் கண்டித்து ஒரு சிறு நூல் எழுதினார். தலைப்பின் அர்த்தம், மக்கள் அழுதார்கள். என் மாமியார் மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு அது. அங்கிருந்தவர்களையெல்லாம் அறுபதுகளில் சாட்ஸ்வர்த்துக்கு மாற்றினார்கள். அந்தத் தலைப்பை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், ‘ஆமா, எங்கம்மா லாரியிலேயே அழுதுகிட்டு வந்தா’ என்றார்.

1981-ல் வந்த ‘ஆ, பட் யுவர் லேண்ட் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற நாவல் தொடங்குவதே ஒரு இந்தியப் பெண்ணோடுதான். பிரேம் என்ற பள்ளி மாணவி வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த டர்பன் நூலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

மற்ற நாவல்களிலும் விசுவாசம் இப்படித்தான் வருகிறதா?

1953-ல் வந்த ‘டூ லேட் த ஃபாலரோப்’ இருட்டான புத்தகம். ஃபாலரோப் ஒரு பறவை. டச்சு வழி வந்த வெள்ளையர்களான ஆஃப்ரிகானர்களில் ஒருவன், போலீஸ் அதிகாரி பீட்டர், கறுப்பினப் பெண்ணோடு உறவு வைத்துச் சட்டத்தில் மாட்டிக்கொள்கிறான். அவன் அப்பா குடும்ப வேதாகமத்தை எடுத்து, அதில் எழுதியிருந்த மகன் பெயரை அடித்துவிடுகிறார். நம் வீடுகளிலும் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதும் வழக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. அதே வேதாகமம், அதே விசுவாசம், ஜார்விஸ் போன வழிக்கு நேர் எதிர்.

மேலே சொன்ன 1981 நாவலில் இன்னொரு காட்சி உண்டு. புளும்ஃபொன்டெய்னில், பெரிய வியாழன் அன்று கறுப்பினச் சபையில் பாதம் கழுவும் ஆராதனை. வெள்ளைக்கார நீதிபதி ஒருவர் வந்து, தன் குடும்பத்தில் வேலை செய்த மார்த்தா என்ற பெண்ணின் பாதங்களைக் கழுவி முத்தமிடுகிறார். அந்தக் கால்கள் அவருடைய பிள்ளைகளுக்காக நடந்த கால்கள். செய்தி பத்திரிகைக்குப் போகிறது, வரவேண்டிய பெரிய பதவி கைநழுவுகிறது. பெரிய வியாழன் ஆராதனைக்குப் போகிற எவரும் ஒருமுறையாவது படிக்கவேண்டிய பக்கங்கள்.

நான் கிறிஸ்தவர் அல்ல, எனக்கு இது ஒட்டுமா?

ஒட்டும். எங்கள் குழுவில் பாதிப்பேர் சைவர்கள், வருஷாவருஷம் காவடி எடுக்கிறவர்கள். குமாலோ கதவுக்கு முன்னால் நடுங்கும் காட்சியை எங்களில் மிக நன்றாக விளக்கியவர் அவர்களில் ஒருவர்தான். வேதாகமக் குறிப்பு புரியாத இடத்தில் கேட்டால் யாராவது சொல்வார்கள்.

தமிழில் இதற்கு முன்னோடி உண்டா?

தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879, ஒரு கத்தோலிக்கர் எழுதியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை. ஆனால் கதையில் வருபவர்கள் இந்துக்கள், கடவுளைப் பொதுச் சொல்லால்தான் பேசுவார்கள். இன்னொரு பக்கம் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி 1894-ல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று காவியமே பாடினார். ஒருவர் விசுவாசத்தை வெளியே காட்டாமல் எழுதினார், மற்றவர் அதையே பொருளாக வைத்துப் பாடினார். பேட்டனைப் படித்தபின் இரண்டையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன், வேதநாயகம் பிள்ளையை முன்னைவிட அதிகம் பிடித்தது.

எதிலிருந்து தொடங்கலாம்?

1948 நாவல். வேறு யோசனை வேண்டாம்.

கடைசி அத்தியாயத்தை ஏன் சத்தமாக வாசிக்கிறீர்கள்?

36-வது அத்தியாயம். மகனைத் தூக்கிலிடும் நாளுக்கு முந்தின இரவு. குமாலோ தனியாக மலையேறுகிறார். வழியில் குதிரையில் வரும் ஜார்விஸைச் சந்திக்கிறார், இருட்டில் கொஞ்சம் பேசுகிறார்கள், பிரிகிறார்கள். மேலே போய்ப் பாவ அறிக்கை, நன்றி, ஒவ்வொருவருக்காகவும் ஜெபம். விடியும் நேரத்தில் மனைவி கட்டிக்கொடுத்த சோள அடையையும் தேநீரையும் எடுத்து வைக்கிறார். நன்றி செலுத்தி, அடையைப் பிட்டுச் சாப்பிட்டு, தேநீரைக் குடிக்கிறார். நற்கருணை என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

முதல்முறை இதை வாசித்தபோது, முதலில் சொன்ன அந்த ஆயா என்னை நிறுத்தி, ‘என்ன அடை அது?’ என்றார். மீலி, அதாவது மக்காச்சோள மாவில் செய்தது என்றேன். அவருடைய பாட்டி கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது வாரப்படியாகக் கொடுத்த மீலி அரிசியைத்தான் கஞ்சி வைத்து எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாராம். அதைச் சொல்லிவிட்டு, பிட்ட இடத்திலிருந்து மறுபடி வாசி என்றார். அன்றிலிருந்து அந்த அத்தியாயம் வரும் மாதம் அவரே மீலி அடை சுட்டு, துணியில் கட்டி எடுத்து வருகிறார். வாசித்து முடிக்க இருபது நிமிஷம் ஆகும். அடையை அதற்குப் பிறகுதான் திறப்பார்.